சருகுக்குள் ஒரு கணக்கு: எமது தோட்டங்களில் சக்தியும் காபனும்

இறப்பர் மரத்தில் கத்தி பட்டதும் பால் கசிகின்றது; சில மணி நேரத்தில் சிரட்டை நிறைகின்றது. இந்தப் பால் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எம்மில் பலர் "மண்ணிலிருந்து" என்றுதான் சொல்வோம். என் தம்பியும் அப்படித்தான் சொன்னான். உரம் போடுகிறோம், மரம் உறிஞ்சுகின்றது, பால் வருகின்றது என்பது அவனுடைய விளக்கம்.

பாலிலுள்ள நீர் மண்ணிலிருந்து வந்தது உண்மை. ஆனால் அந்தப் பால் உறைந்து, உருளையில் அழுத்தப்பட்டு, புகைக்கூட்டில் காய்ந்து சீற்றாக விற்கப்படுகின்றதே, அந்த இறப்பர் மண்ணிலிருந்து வந்ததல்ல. அது காற்றிலிருந்து வந்தது. உயர்தர உயிரியல் பாடத்தில் "சூழற்றொகுதியில் சக்திப் பாய்ச்சல்", "காபன் வட்டம்" என்று நாம் மனனம் செய்யும் இரண்டு தலைப்புகளும் சப்ரகமுவ மாகாணத்துப் பிள்ளைகளான எமக்கு வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் புத்தகப் படத்தில் மட்டும் பார்க்காமல் தேயிலை மலையிலும் இறப்பர்க் காணியிலும் வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காற்றிலிருந்து ஒரு மரம்

மரம் எதனால் ஆனது என்ற கேள்வி பழையது. பெல்ஜியத்தைச் சேர்ந்த வான் ஹெல்மொண்ட் என்பவர் 200 இறாத்தல் உலர்ந்த மண்ணில் 5 இறாத்தல் நிறையுள்ள வில்லோ மரக்கன்று ஒன்றை நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே ஊற்றி வளர்த்தார். முடிவில் மரம் 169 இறாத்தல் இருந்தது. மண்ணோ ஏறத்தாழ 2 அவுன்சு மட்டுமே குறைந்திருந்தது. மரம் முழுவதும் நீரால் ஆனது என்று அவர் முடிவு செய்தார். அவருடைய நூல் 1648இல் வெளிவந்தது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டின் பங்கு தெரியவர மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது.

இன்று நாம் அறிந்தது இதுதான். இலையின் பச்சையவுருமணியில் 6 காபனீரொட்சைட்டு மூலக்கூறுகளும் 6 நீர் மூலக்கூறுகளும் சூரிய ஒளியின் உதவியால் ஒரு குளுக்கோசு மூலக்கூறாகின்றன; 6 ஒட்சிசன் மூலக்கூறுகள் வெளியேறுகின்றன (இது நிகர விளைவு). அந்தக் குளுக்கோசிலிருந்தே செலுலோசும் மாப்பொருளும் எண்ணெயும் இறப்பரும் உருவாகின்றன. மண் தருவது நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் போன்றவற்றை. அளவில் அவை சிறியவை; ஆனால் அவையின்றி இந்தத் தொழிற்சாலை ஓடாது.

இறப்பரில் ஒரு சின்னக் கணக்குச் செய்து பார்ப்போம். இயற்கை இறப்பர் ஐசோபிரீன் அலகுகளின் நீண்ட சங்கிலியாகும். ஓர் அலகில் 5 காபன் அணுக்களும் 8 ஐதரசன் அணுக்களும் உள்ளன. காபனின் பங்கு 60, ஐதரசனின் பங்கு 8, மொத்தம் 68. ஆகவே ஒரு கிலோ தூய இறப்பரில் ஏறத்தாழ 880 கிராம் காபன் உண்டு. அந்தக் காபனைத் தர மரம் ஏறத்தாழ 3.2 கிலோ காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து எடுத்திருக்க வேண்டும். வாப்பாவின் கடைத் தராசில் ஒரு கிலோ சீற்றை வைக்கும்போது நாம் நிறுப்பது பெரும்பாலும் காற்றில் இருந்த காபனைத்தான்.

பால் வெட்டப்படும் மரம் வெட்டப்படாத மரத்தைவிட மெதுவாகவே பருக்கும். தண்டுக்குப் போக வேண்டிய காபனும் சக்தியும் சிரட்டைக்குப் போவதே அதற்குக் காரணம்.

சோடாவும் வெற்றுப் போத்தலும்

சக்தியையும் காபனையும் பலர் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதுண்டு. பரீட்சையில் புள்ளி இழக்கும் இடமும் இதுவே. இதை எனக்குத் தெளிவாக்கியது எங்கள் கடைதான்.

கடைக்குச் சோடா கண்ணாடிப் போத்தலில் வரும். குடித்தவர் போத்தலைத் திருப்பித் தருவார். வெற்றுப் போத்தல்கள் லொறியில் ஏறிப் போய், நிரப்பப்பட்டு மறுபடியும் வரும். போத்தல் சுற்றிக்கொண்டே இருக்கின்றது. ஆனால் குடித்த சோடா திரும்பி வராது. ஒவ்வொரு முறையும் புதிதாக நிரப்பியாக வேண்டும்.

காபன் அந்தப் போத்தல். சக்தி அந்தச் சோடா. இலை காற்றிலிருந்து காபன் என்னும் வெற்றுப் போத்தலை எடுத்துச் சூரிய சக்தியால் நிரப்புகின்றது. அதை உண்ணும் உயிர் கலச்சுவாசத்தின் மூலம் சக்தியைப் பயன்படுத்திக்கொண்டு, போத்தலைக் காபனீரொட்சைட்டாகக் காற்றிடமே திருப்பிக் கொடுக்கின்றது. பயன்படுத்திய சக்தி இறுதியில் வெப்பமாகி வெளியேறுகின்றது. அந்த வெப்பத்தைப் பிடித்து மறுபடியும் மாப்பொருளாக்க எந்த உயிராலும் முடியாது. எனவேதான் நாம் "காபன் வட்டம்" என்கிறோம். "சக்தி வட்டம்" என்று சொல்வதில்லை. சக்திக்குப் பாய்ச்சல் மட்டுமே உண்டு, அதுவும் ஒரே திசையில். சூரியன் நாள்தோறும் உதித்தால்தான் இந்தக் கடை திறக்கும்.

கொழுந்து மலையில் ஓர் உணவுச் சங்கிலி

தாவரங்களின் மேல் விழும் கட்புலனாகும் ஒளியில் ஏறத்தாழ 1 சதவீதமே இரசாயனச் சக்தியாக மாறுகின்றது. அதிலும் ஒரு பெரும் பங்கைத் தாவரம் தன் சுவாசத்துக்கே செலவிடுகின்றது. மீதியே தேறிய முதல் உற்பத்தி. மற்ற எல்லா உயிர்களும் அதைப் பங்கிட்டே வாழ வேண்டும்.

தேயிலை மலையை எடுத்துக்கொள்வோம். தேயிலை இலையை ஒரு புழு தின்கின்றது. புழுவை ஓணான் பிடிக்கின்றது. ஓணானைச் செண்பகம் கொத்திச் செல்கின்றது. இலையில் 10,000 கிலோயூல் சக்தி இருந்தால் புழுவின் உடலில் ஏறத்தாழ 1,000, ஓணானில் 100, செண்பகத்தில் 10 கிலோயூல்தான் சேரும். ஒரு போசணை மட்டத்திலிருந்து அடுத்ததற்குச் சராசரியாக 10 சதவீதமே செல்கின்றது என்பது ஒரு பொதுவான மதிப்பீடு. உண்மையில் அது இனத்துக்கினம் கூடிக் குறையும். மலையில் புழுக்கள் ஏராளமாகவும் செண்பகங்கள் ஒன்றிரண்டாகவும் இருப்பதன் காரணம் இதுவே.

இப்படிச் சக்தியை மட்டம் மட்டமாகக் கணக்கிடும் முறைக்கு வித்திட்டவர் றேமண்ட் லிண்டமன் என்ற அமெரிக்க இளைஞர். மினசோட்டாவிலுள்ள ஒரு சிறு சதுப்பு ஏரியை மனைவி எலினோருடன் சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அவருடைய கட்டுரை முதலில் நிராகரிக்கப்பட்டது. பின்னர் 1942இல் வெளிவந்தபோது அவர் உயிருடன் இல்லை. அப்போது அவருக்கு 27 வயது கூட நிறைந்திருக்கவில்லை. இன்று உலகெங்கும் உயிரியல் மாணவர்கள் படிப்பது அவர் காட்டிய வழியைத்தான்.

ஒரு கேள்வி: கொழுந்து பறிக்கும் அக்காவின் காலில் ஏறி இரத்தம் குடிக்கும் அட்டை எந்த நுகரி? விடை, அந்த அக்கா என்ன சாப்பிட்டார் என்பதில் தங்கியுள்ளது. காலையில் ரொட்டி சாப்பிட்டிருந்தால் அவர் முதல் நுகரி, அட்டை இரண்டாம் நுகரி. கருவாட்டுக் கறியும் சேர்ந்திருந்தால் இருவரும் இன்னும் மேலே போகின்றனர். அந்த ரொட்டியின் கோதுமையோ வெளிநாட்டு வயலில் விளைந்தது. அங்கே விழுந்த வெயில்தான் இங்கே எமது மலைகளில் கூடை சுமந்து ஏறுகின்றது. அந்த அக்கா மூச்சாக விடும் காபனீரொட்சைட்டைப் பக்கத்துச் செடி எடுத்துக்கொள்ளலாம். அந்தக் கொழுந்து தேயிலைத்தூளாகி மத்திய கிழக்கில் யாரோ ஒருவரின் கோப்பைக்குப் போகலாம். தாழ்நிலத் தேயிலையை அதிகம் விரும்பி வாங்குபவர்கள் அந்நாட்டு மக்களே. போத்தல்கள் எவ்வளவு தூரம் பயணம் செய்கின்றன என்று பாருங்கள்!

சருகின் கீழே நடப்பது

உணவுச் சங்கிலி என்றதும் நாம் வரைவது இலை, புழு, பறவை என்ற படத்தைத்தான். ஆனால் காட்டிலும் மரத் தோட்டத்திலும் உருவாகும் இலைகளில் மிகச் சிறு பங்கையே புழுக்களும் பூச்சிகளும் தின்கின்றன. பெரும் பங்கு சருகாகவும் சுள்ளியாகவும் செத்த வேராகவும் மண்ணுக்கே போகின்றது. அங்கே கறையான், மண்புழு, மரவட்டை முதலியன அதைத் துண்டாக்க, பங்கசுக்களும் பற்றீரியாக்களும் உக்கச் செய்கின்றன. இவையே பிரிகையாக்கிகள்.

இவை வேலை செய்வதைக் கண்ணால் பார்க்க முடியுமா? முடியும். நான் வீட்டில் செய்த பரிசோதனையைத் தோழியரும் செய்து பார்க்கலாம். வாயகன்ற மூன்று ஜாம் போத்தல்களை எடுத்துக்கொண்டேன். முதலாவதில் இறப்பர்ச் சருகின் கீழிருந்து எடுத்த ஈர மண். இரண்டாவதில் புல்லும் சருகும் இல்லாத வெறுந்தரை மண், அதே அளவு, அதே ஈரத்துடன். மூன்றாவது வெறும் போத்தல், ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு. வெற்றிலைச் சுண்ணாம்பை நீரில் கரைத்து அடைய விட்டு, தெளிந்த நீரைச் சிறு மூடிகளில் ஊற்றி ஒவ்வொரு போத்தலுக்குள்ளும் வைத்து இறுக மூடினேன். (சுண்ணாம்பு நீர் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.) மறுநாள் சுபஹுத் தொழுகை முடிந்து வந்து பார்த்தபோது முதலாவது போத்தலின் சுண்ணாம்பு நீரில் தடித்த வெண்படலம் இருந்தது. இரண்டாவதில் மெல்லிய படலம். மூன்றாவதில் அநேகமாக ஒன்றுமில்லை. காபனீரொட்சைட்டு சுண்ணாம்பு நீரைப் பால் நிறமாக்கும் என்பது ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆக, சருகு மண் மூச்சு விடுகின்றது. வெறுந்தரை மண் முனகத்தான் செய்கின்றது.

அந்த மூச்சில் போத்தல் திரும்பிப் போகின்றது. சோடா என்னவாகின்றது? மாட்டெருவும் புல்லும் குவித்து வைத்த குப்பை மேட்டுக்குள் கையை விட்டுப் பாருங்கள், சூடு தெரியும். நல்ல கூட்டெருக் குவியலின் உள்ளே வெப்பநிலை 60 பாகை செல்சியசு வரை உயரும். அது இலையில் அடைபட்டிருந்த வெயிலின் கடைசிச் செலவாகும்.

எல்லாச் சருகும் உடனே மூச்சாகப் போய்விடுவதில்லை. ஒரு பகுதி உக்கலாகி, களித் துணிக்கைகளுடன் ஒட்டிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் மண்ணில் தங்குகின்றது. உலகம் முழுவதும் பார்த்தால், வளிமண்டலத்திலும் தாவரங்களிலும் உள்ள காபனைச் சேர்த்தாலும் மண்ணிலுள்ள காபனே அதிகம்.

மரம் காபனை மண்ணிலிருந்து எடுப்பதில்லை என்றால் மண்ணின் காபனால் மரத்துக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். உக்கல் பஞ்சுபோல நீரைப் பிடித்து வைக்கின்றது. பொற்றாசியம், கல்சியம் போன்ற கனிய அயன்களை மழை கழுவிச் செல்லாமல் தடுக்கின்றது. பிரிகையாக்கிகளுக்குச் சோறு போடுகின்றது. அவை உண்டு முடிக்கும்போது சருகிலிருந்த நைதரசனும் பொசுபரசும் வேருக்குக் கிடைக்கின்றன. ஆகவே மண்ணின் காபன் மரத்தின் உணவன்று. மரத்துக்குச் சமைத்துத் தரும் கைகளின் கூலி.

சிங்கராஜவும் எமது மலைகளும்

எமது இரத்தினபுரி மாவட்டமும் பங்குகொள்ளும் சிங்கராஜ வனம் 1988இல் உலக மரபுரிமையாகப் பிரகடனம் செய்யப்பட்டது. 1971 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைக்காக இங்கே இயந்திரங்கள் கொண்டு மரம் தறித்தார்கள். மக்களின் எதிர்ப்பால் அது நின்றது. 1993இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர்கள் சாவித்திரி குணதிலக்கவும் நிமல் குணதிலக்கவும் சக ஆய்வாளர்களும் இந்த வனத்தில் 25 ஹெக்டயர் பரப்பை அளந்து, ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் பருமனுள்ள ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கத் தகடு இட்டுப் பதியத் தொடங்கினர். இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 200க்கும் மேற்பட்ட இனங்கள்! பெண் பிள்ளைகளாகிய நாம் பெருமையுடன் அறிந்துகொள்ள வேண்டிய பணி இது. ஒவ்வொரு மரமும் எவ்வளவு பருத்தது, எது செத்தது என்று மீண்டும் மீண்டும் அளந்தால்தான் ஒரு காடு எவ்வளவு காபனை வைத்திருக்கின்றது என்று சொல்ல முடியும்.

முதிர்ந்த மழைக்காட்டில் ஒளித்தொகுப்பால் உள்ளே வரும் காபனும் சுவாசத்தாலும் உக்கலாலும் வெளியே போகும் காபனும் ஏறத்தாழச் சமம். வரவும் செலவும் சமமென்றாலும் பெட்டியில் இருக்கும் முதல் மிகப் பெரிது. யாரும் அங்கே உரம் போடுவதில்லை. ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கும் மேல் மழை பெய்தும் மண் ஓடிவிடவில்லை. விழுந்த இலை விழுந்த இடத்திலேயே உக்கி, வேர்கள் அதை உடனே பிடித்துக்கொள்வதே இரகசியம்.

எமது மலைகளும் ஒரு காலத்தில் காடுகளே. 1876இல் பிரேசிலிலிருந்து ஹென்றி விக்கம் இங்கிலாந்துக்குக் கொண்டுசென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டில் இலங்கைக்கு வந்து கம்பஹா ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. பின்னர் கேகாலை, இரத்தினபுரி மலைகளில் இறப்பர் பரவியது. தோட்டமும் ஒரு சூழற்றொகுதிதான். ஆனால் அதன் வட்டம் ஓரிடத்தில் வெட்டுண்டிருக்கின்றது.

வெட்டுண்ட வட்டம்

தோட்டத்திலிருந்து நாள்தோறும் கொழுந்து போகின்றது, பால் போகின்றது, விறகு போகின்றது. ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். அதை உலர்த்தத் தொழிற்சாலையில் விறகு எரிகின்றது; அதில் பெருமளவு பால் வற்றிய இறப்பர் மரங்கள். 30 ஆண்டுகளாக அந்த மரம் காற்றிலிருந்து சேர்த்த காபன் சில மணி நேரத்தில் புகைக்கூண்டு வழியே போய்விடுகின்றது. அந்த இடத்தில் மறுபடி மரம் நட்டால் அது அந்தக் காபனை மெல்ல மெல்லத் திரும்ப எடுக்கும். லொறியின் டீசலும் நுரைச்சோலை மின்நிலையத்தின் நிலக்கரியும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகளாக மண்ணுக்குள் பூட்டியிருந்த போத்தல்களை அவை புதிதாக வெளியே கொண்டுவருகின்றன. கைத்தொழிற் புரட்சிக்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு 280 பங்காக இருந்த காபனீரொட்சைட்டு, 1958இல் ஹவாயில் கீலிங் அளக்கத் தொடங்கியபோது 315 அளவில் இருந்தது. இன்று 420ஐத் தாண்டிவிட்டது.

விளைச்சலை விற்பது தவறல்ல. அதுதான் எமது மாகாணத்தின் பிழைப்பு. கவலை என்னவென்றால், விற்க முடியாத சருகையும் கவ்வாத்துக் கிளைகளையும் கூட நாம் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்காமல் எரித்துவிடுகிறோம். எரிக்கும்போது காபனும் நைதரசனும் வாயுவாகப் போகின்றன. மிஞ்சும் சாம்பலிலுள்ள பொற்றாசியத்தைச் சரிவில் விழும் அடுத்த மழை ஓடைக்குக் கொண்டுபோகின்றது. மூடாத மண்ணும் கூடவே போகின்றது. 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, வெளியிலிருந்து வரும் மூட்டையை எவ்வளவு நம்பியிருக்கிறோம் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. உக்கல் குறைந்த மண்ணில் போட்ட உரமும் நிற்பதில்லை.

இதன் செலவை யார் கொடுக்கிறார்? மண் மெலிந்த மலையில் கொழுந்து குறைவு. கொழுந்து குறைந்தால் சொன்ன கிலோவை எடுக்க முடியாது. கிலோ குறைந்தால் அரைநாட் பேர். எங்கள் கடையின் கொப்பியில் கடன் கூடுவதும் அந்த மாதங்களில்தான். காபன் வட்டம் பாடப்புத்தகத்துச் சங்கதி மட்டும் என்று நான் நினைக்காததற்கு அந்தக் கொப்பியும் ஒரு காரணம்.

எமது கையில் இருப்பது

எங்களுக்கு முக்கால் ஏக்கர் இறப்பர்க் காணி உண்டு. வருடத் தொடக்கத்தில் மரங்கள் இலையுதிர்க்கும்போது சருகைக் கூட்டி எரிப்பதே வழக்கம். வாப்பாவின் காரணங்கள் வெறும் பழக்கம் என்று தள்ளக்கூடியவை அல்ல. விடியற்காலையில் பால் வெட்ட வருபவருக்குப் பாதை தெரிய வேண்டும். சருகுக்குள் பாம்பு இருக்கலாம். வரட்சியில் தீ பரவவும் கூடும்.

நான் மூன்று போத்தல்களையும் அவர் முன் வைத்தேன். அவர் வெண்படலங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நாங்க எரிக்கிறது உரத்தையா மகள்?" என்று கேட்டார். "உரத்தை மட்டுமில்ல வாப்பா, உரத்தைப் பிடிச்சு வைக்கிற சாக்கையும் சேர்த்து எரிக்கிறம்" என்றேன். வியாபாரிக்குச் சாக்கின் அருமை தெரியும். இந்த வருடம் மரத்தடியையும் பாதையையும் மட்டும் துப்புரவாக்கி, மீதிச் சருகைச் சரிவுக்குக் குறுக்கே வரிசையாகக் குவித்திருக்கிறோம். மழைநீர் அந்த வரிசைகளில் தடைப்பட்டு மெல்லக் கீழே இறங்குகின்றது. விளைச்சல் கூடுமா என்று பார்க்கச் சில வருடங்கள் வேண்டும். வாப்பா அதற்குச் சம்மதித்திருக்கிறார்.

பெற்றோரிடம் நான் கேட்பது இதுதான்: முற்றத்துக் குப்பையில் பிளாஸ்ரிக்கைப் பிரித்தெடுத்து, இலையை ஒரு மூலையில் உக்க விடுங்கள். தேயிலைக் காணி வைத்திருப்போர் கவ்வாத்துக் கிளைகளை அடுப்புக்கு முழுவதும் கொடுத்துவிடாமல் மெல்லிய கிளைகளையும் இலைகளையுமாவது செடியடியில் விடுங்கள். வேலியில் கிளிரிசிடியா நட்டால் வெட்ட வெட்டத் தழைக்கும். தழை மண்ணுக்கு, தடி அடுப்புக்கு. பயன்படுத்தாத சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள், நுளம்பு பெருகாது.

தோழியரே, உங்களிடம் கேட்பது இன்னும் சுலபம். காபன் வட்டப் படத்தை வரையும்போது அம்புக்குறிகளை மட்டும் மனனம் செய்யாதீர்கள். ஒவ்வொரு அம்புக்கும் உங்கள் ஊரில் ஓர் இடத்தின் பெயரை எழுதிப் பாருங்கள்: காற்றிலிருந்து இலைக்குப் போகும் அம்புக்கு ஓர் இறப்பர் மலை, விறகிலிருந்து காற்றுக்குப் போகும் அம்புக்கு ஒரு தொழிற்சாலைப் புகைக்கூண்டு, இலையிலிருந்து மண்ணுக்குப் போகும் அம்புக்கு உங்கள் வீட்டுப் பின்முற்றம். மற்ற அம்புகளைத் திருப்ப எமக்கு வலு இல்லாமல் இருக்கலாம். அந்தக் கடைசி அம்பு ஒரு தீக்குச்சியைப் பற்றவைக்காமல் விடுவதிலேயே காப்பாற்றப்பட்டுவிடும்.